ஒடேயர்பாளையம் திபெத்திய மடாலயத்துக்குப் போகிறவர்களுக்கு

சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர், கேர்மாளம் வழியாகப் போனால் கர்நாடக எல்லை தாண்டி ஒடேயர்பாளையம் வரும். 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதி இது. இங்குள்ள திபெத்தியக் குடியிருப்பின் ஜோக்சென் மடாலயத்தை 1992-ல் தலாய் லாமா திறந்துவைத்தார். துறவிகள் தங்கிப் படித்து, பூசை செய்கிற இடம். அந்த நினைப்போடு போக வேண்டும்.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வாகனங்களை விடமாட்டார்கள். விடிந்தபின் ஏறி, இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். கூட வருபவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் உள்துறை அமைச்சகத்தின் அனுமதியை முன்னதாகவே வாங்க வேண்டும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். தொப்பியையும் செருப்பையும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். வலமாகச் சுற்றுவது நம் கோயில் வழக்கமேதான். மந்திரம் பொறித்த ‘மணி’ உருளைகளையும் வலமாகவே சுழற்ற வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறுவது மற்ற பழக்கங்களில்தான். தேங்காய் உடைப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் அங்கே கிடையாது. சந்நிதி முன் வரிசையாக இருக்கும் கிண்ணத்துத் தண்ணீர், பெரும்பாலும் ஏழு கிண்ணம், தீர்த்தம் அல்ல. காலையில் நிரப்பி மாலையில் எடுக்கிற படையல். விரலால்கூடத் தொடக் கூடாது. விளக்கேற்ற விரும்பினால் துறவியிடம் கேளுங்கள், அதற்கான இடத்தைக் காட்டுவார். ஏற்றியதை வாயால் ஊதி அணைக்காதீர்கள். பழமோ, உண்டியலில் பணமோ தாராளமாக வைக்கலாம். கதா எனும் வெள்ளைத் துண்டு தருவதானால் இரு கைகளிலும் விரித்து, குனிந்து கொடுங்கள்.

பூசை நடக்கும்போது சுவரோரமாக உட்காருங்கள். துறவிகள் எதிரெதிர் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். நடுவே குறுக்கே நடந்தால் ஓதுதல் தடைப்படும். கால்களைப் புத்தர் பக்கம் நீட்ட வேண்டாம். துணி சுற்றிய ஏடுகளைத் தாண்டுவதும் அவற்றின்மேல் பையை வைப்பதும் பெரிய அவமதிப்பு. உயர்ந்த ஆசனத்தில் படம் மட்டும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். காலியாக இருக்கிறதென்று குழந்தையை உட்காரவைத்துவிடாதீர்கள். சிலையைக் காட்ட ஒற்றை விரல் நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்.

படம் எடுக்குமுன் ஒவ்வொரு மண்டபத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள்; வெளியே சரி என்றவர் உள்ளே வேண்டாம் என்பார். ஃபிளாஷ் எங்குமே வேண்டாம். சிறு துறவிகள் பாடம் படிக்கிற பிள்ளைகள். அவர்களிடமும், பொறுப்பாளரிடமும் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள்.