நிக்ருமாவை வகுப்பில் நடத்துவது எப்படி

முதலில் 1957 மார்ச் 6-ஐப் பிள்ளைகள் மனதார ரசிக்கட்டும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா நிக்ருமாவின் தலைமையில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற அந்த மகிழ்ச்சி பிடிபடாவிட்டால் பின்னால் வந்த வேதனையும் பிடிபடாது. ஏற்காட்டில் நான் கோகோவில்தான் தொடங்குவேன். காப்பி விலை விழுந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தெரியும். 1965-இல் கோகோ விலை சரிந்தபோது, அதையே நம்பியிருந்த கானாவுக்கும் அதே கதிதான்.

அப்புறம் டான்குவாவின் கதை. இதற்கு நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். 1947-இல் லண்டனிலிருந்த குவாமே நிக்ருமாவைக் கட்சி வேலைக்கு அழைத்தவர்களில் ஒருவர் கானாவின் வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ஜே. பி. டான்குவா. 1958-இல், விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டு வரை அடைத்து வைக்கும் சட்டத்தை நிக்ருமா அரசு கொண்டுவந்தது. 1960 தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்ற டான்குவா, அந்தச் சட்டத்திலேயே சிறைப்பட்டு 1965-இல் சிறையிலேயே இறந்தார். இந்த நான்கு ஆண்டுகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். கேள்விகள் தானாக வரும்.

1964-இல் ஒரே கட்சி ஆட்சி, 1966-இல் ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது: இவை சுருக்கமாகப் போதும். மின்சாரம் தரும் அகோசோம்போ அணை அவர் கட்டியது, அதை மறைக்காதீர்கள். ‘சரி, நல்லவரா கெட்டவரா சார்?’ என்று கேட்டால், இரு பக்கமும் ஆதாரத்தோடு எழுதி வரச் சொல்லுங்கள்.