சௌத்டேல் மாலின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி? முதலில் பார்க்கிங்கில் நில்லுங்கள்

மாலின் வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் நேராக உள்ளே போய், எந்தக் கடை எப்போது வந்தது, எது எப்போது மூடியது என்று குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் போட்டால் இரண்டாவது பக்கத்திலேயே தூக்கம் வந்துவிடும். கதை பார்க்கிங்கில் கிடக்கிறது. அமெரிக்காவில் மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனாவில் இருக்கும் சௌத்டேலை வைத்தே சொல்கிறேன். 1956 அக்டோபர் 8 அன்று திறந்தது. முழுக்கக் கூரை போட்டு ஏ.சி. செய்த புறநகர் மால்களில் முதலாவது என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வரைபட நூலகம் பழைய வான்வழிப் படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 66ஆவது தெருவும் பிரான்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தைத் தேடி, மால் வருவதற்கு முந்தைய படம் ஒன்று, வந்த பிறகு எடுத்தது ஒன்று, இன்றைய செயற்கைக்கோள் படம் ஒன்று என மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் வெறும் நிலம், அடுத்ததில் கார்க் கடலுக்கு நடுவே ஒரு கட்டடம், கடைசியில் அந்தக் கடலின் ஓரங்களைப் புதுக் கட்டடங்கள் தின்றுகொண்டிருப்பது தெரியும்.

அந்தக் கடலைக் கேட்டது யார்? வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாக்காரர், நாஜிகளுக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா வந்தவர். டேட்டன்ஸ் என்ற பெரிய கடைக்காரர்களுக்காக அவர் போட்ட திட்டம் 463 ஏக்கர்: வீடுகள், மருத்துவமனை, பள்ளி, பூங்கா எல்லாம் அடக்கம், மால் அதில் நடுத்துண்டு மட்டுமே. அவர் நினைத்த ஊர் வரவில்லை, மாலும் சுமார் 5,200 கார் நிறுத்துமிடமும் வந்தன. 1978இல் லண்டனில் பேசும்போது, இந்த மால்களுக்குத் தகப்பன் என்று என்னைச் சொல்லாதீர்கள் என்கிற தொனியில் மனுஷன் கைகழுவிவிட்டார்.

சரி, இப்போது நடந்து பாருங்கள். ஒரு பக்கத்து பார்க்கிங்கிலிருந்து படியே ஏறாமல் கீழ்த்தளத்துக்குள் போகலாம், இன்னொரு பக்கத்திலிருந்து அதே மாதிரி மேல்தளத்துக்குள். நிலத்தைச் சரித்து அமைத்த தந்திரம் அது, இரண்டு தளத்துக்கும் கூட்டம் சமமாகப் பிரிய வேண்டும் என்று. நடுமுற்றத்தில் சிற்பி ஹாரி பெர்டோயா செய்த உயரமான பொன்னிற உலோக மரங்கள் நிற்கும். வெளியே பனி உறையும் ஊரில் வருஷம் முழுக்க வசந்தம் என்று விற்ற முற்றம் இது. மால் திறந்த கையோடு பார்க்க வந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டுக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

எந்தப் பழைய மாலானாலும் சுவரைப் பாருங்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் எழுத்தின் சாயல் தங்கியிருக்கும். நேராக டார்ச் அடித்தால் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். (மால் தனியார் இடம், படமெடுக்கும் முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேறொரு மாலில் கேட்காமல் எடுத்து, ஒரு மதியம் எடுத்த படங்கள் முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று.)

திறப்பு விழா சமயத்துச் செய்தித்தாள்களில் விளம்பரங்களை நம்பலாம், கடைப்பெயரும் விலையும் அதில் இருக்கும். செய்திகளில் பாதி, விளம்பரம் கொடுத்தவருக்குச் சொல்லும் நன்றிதான்.

அப்புறம் மறுபடி வெளியே வாருங்கள். பார்க்கிங்கின் ஒரு மூலையில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஜேசிபென்னி கடை இருந்த இடத்தில் 2019இல் பெரிய உடற்பயிற்சிக்கூடம் வந்தது. க்ரூயனின் பழைய வரைபடம் கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். கார்கள் குறைவாக இருக்கும்போதுதான் தரையின் சரிவு கண்ணுக்குப் படும்.