இதய மருந்து ஆய்வை முதன்முறை நடத்தும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்மை ஆய்வாளராகப் பொறுப்பேற்கும் இளம் இதய மருத்துவர்கள், மூத்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகிறார்கள். கையெழுத்து, தேதி, ஃப்ரிட்ஜ் வெப்பநிலைப் பதிவு போன்றவற்றை ஆய்வைச் சரிபார்க்க ஸ்பான்சர் (ஆய்வை நடத்தச் செலவிடும் நிறுவனம்) அனுப்பும் மானிட்டர் வந்து பார்த்துச் சொல்லிவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

வார்டில் இருப்பவரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது

மாதம் 40 பேர் மாரடைப்போடு வந்தால், 40 பேரையும் ஆய்வில் சேர்த்துவிடலாம் என்று ஸ்பான்சரிடம் ஒப்புக்கொள்கிறார்கள். கடந்த மூன்று மாத அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்து, புரோட்டோகாலின் (ஆய்வுத் திட்ட ஆவணத்தின்) விலக்கு நிபந்தனைகளை ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பாருங்கள். சிறுநீரகம் கெட்டவர், முன்பு பக்கவாதம் வந்தவர், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், அடிக்கடி வந்துபோக முடியாத தூரத்தில் ஊர் உள்ளவர் என்று பலர் கழிந்துபோவார்கள். மிஞ்சுகிறவர்களிலும் எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஈ.சி.ஜி. சரியானதை வெற்றி என்று நினைப்பது

மாரடைப்புக்குப் பின் வரும் கூடுதல் துடிப்புகளை என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற இரு மருந்துகளும் நன்றாகவே அடக்கின. ஆனால் அவை உயிரைக் காக்கின்றனவா என்று சோதித்த காஸ்ட் (CAST) ஆய்வில் 1989-இல் அவ்விரண்டையும் நிறுத்த வேண்டிவந்தது. 1991-இல் வெளியான கணக்கில், ஏறத்தாழ சம அளவுள்ள இரு பிரிவுகளில், மருந்து எடுத்தவர்களில் 63 பேரும் ப்ளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள்.

மாத்திரையை நிறுத்தியவரை ஆய்வைவிட்டே அனுப்பிவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. நோயாளி ஓ.பி.க்கு வந்து, "வயிறு எரியுது டாக்டர், இந்த மாத்திரை இனி வேணாம்" என்கிறார். ஆய்வு வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் படிவத்தில் 'சம்மதத்தைத் திரும்பப் பெற்றார்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார். டாக்டரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். நோயாளி வேண்டாம் என்றது மாத்திரையை மட்டும். ஆறு மாதம் கழித்து போனில் நலம் விசாரித்தால் அவர் மறுத்திருக்கவே மாட்டார்.

இதன் விலை என்ன என்பதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மருந்தின் அட்லஸ் ஆய்வே சாட்சி. 15,526 நோயாளிகள், 2011-இல் வந்த முடிவும் மருந்துக்குச் சாதகம். ஆனால் 8 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு நேர்ந்தவர்களின் விகிதத்தில் மருந்து, ப்ளாசிபோ பிரிவுகளுக்கு இடையே இருந்த வித்தியாசமோ 2 சதவீதத்துக்கும் குறைவு. காணாமல்போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அந்த வித்தியாசத்தை எப்படி நம்புவது? 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் மாரடைப்பு நோயாளிகளுக்கு இம்மருந்தை அனுமதிப்பதற்கு எதிராக வாக்களித்தார்கள். பிறகு பலரைத் தேடிப்பிடித்துத் தகவல் சேர்த்தும், அந்த அனுமதி அங்கே கிடைக்கவில்லை.

விட்டுப்போகிறவர்கள் யதேச்சையாகப் போவதில்லை. ரத்தக்கசிவு வந்தவர், மூச்சிரைப்பு கூடியவர், படுத்த படுக்கையானவர்தான் அதிகம் போவார். அவரைக் கணக்கிலிருந்து எடுத்தால் மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. சேர்க்கும் நாளிலேயே இரண்டு போன் எண்கள் வாங்குங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். சொந்த ஊர் முகவரியும், அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் பெயரும் வேண்டும். இவர்களிடம் விசாரிப்போம் என்பது கன்சென்ட் படிவத்திலேயே இருக்க வேண்டும். நோயாளி வேண்டாம் என்றால் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மாத்திரை வேண்டாமா? நேரில் வர வேண்டாமா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை போன் செய்யலாமா? ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் பார்க்கலாமா? ஒவ்வொரு பதிலையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். நான்குக்கும் மறுப்பு சொன்னால் அது அவர் உரிமை, வற்புறுத்தக் கூடாது. ஆனால் அந்த உரையாடலை முதன்மை ஆய்வாளர் தானே நடத்த வேண்டும், கோஆர்டினேட்டரிடம் தள்ளிவிடக் கூடாது.

உட்பிரிவுகளைக் கிளறுவது

1988-இல் வெளியான ஐ.எஸ்.ஐ.எஸ்.-2 என்ற மாரடைப்பு ஆய்வில் ஆஸ்பிரின் மொத்தத்தில் பலன் தந்தது; ஆனால் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாமுக்கும் பலன் தரவில்லை. உட்பிரிவு முடிவுகளை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இறப்புக்குத் தானே காரணம் முடிவுசெய்து தாமதிப்பது

மருந்துக்குத் தொடர்பில்லை என்று தோன்றினாலும் 24 மணி நேரத்தில் தெரிவியுங்கள். இந்தியாவின் 2019 மருத்துவ ஆய்வு விதிகளின்படி, எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வின் நெறிமுறைகளைக் கண்காணிக்கும் குழு), ஸ்பான்சர், மத்திய மருந்து உரிமம் வழங்கும் அதிகாரி ஆகிய மூவருக்கும்.

சி.டி.ஆர்.ஐ. பதிவைத் தள்ளிப்போடுவது

சி.டி.ஆர்.ஐ. என்பது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவு முடிந்திருக்க வேண்டும்.