"எங்க போயிட்டு வந்தே?"

சென்னையில் வேலை பார்க்கும்போதே எனக்கு அந்தக் கோளாறு இருந்தது: சாப்பிடும்போது நாளைய மீட்டிங், மீட்டிங்கில் போன வாரத்துச் சண்டை. காரைக்குடிக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. தியானச் செயலி ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடினால் கணக்குதான் ஓடியது.

வழி கிடைத்தது பக்கத்து வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில். ஆச்சி அங்கே உட்கார்ந்து பனை ஓலையில் கொட்டான் என்ற கூடை முடைவார். "சும்மாத்தானே இருக்கே, பிடி" என்று ஒரு நாள் ஓலையைக் கையில் கொடுத்தார். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான் வேலை. ஆனால் மனசு அலுவலகத்துக்குப் போன மறு நொடி ஓர் ஓலை தப்பிவிடும். நான்கு வரி தாண்டித்தான் அது கண்ணில் படும், அத்தனையும் பிரிக்க வேண்டும். முதல் வாரம் முடைந்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஆச்சி திட்டவில்லை. "எங்க போயிட்டு வந்தே?" என்று மட்டும் கேட்பார்.

ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 8 வார மனக்கவனப் (mindfulness) பயிற்சியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: கவனம் விலகியதைப் பார், கடிந்துகொள்ளாமல் திரும்பக் கொண்டுவா. அங்கே மூச்சு, எனக்கு ஓலை. (மூச்சு காட்டிக்கொடுக்காது, ஓலை காட்டிக்கொடுத்துவிடும்.)

இப்போது தினமும் காலையில் 20 நிமிடம். போன் திண்ணையிலேயே கிடக்கும். தூக்கம் பரவாயில்லை. கவலை போய்விட்டதா என்றால், இல்லை. வந்தது சீக்கிரம் தெரிகிறது. அப்புறம், என் முதல் கொட்டான் கோணல்தான். ஆச்சி அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறார்.