குளிர்காலத்தில் திடீரென்று கிளம்பி போர்ட்ஸ்மவுத் போய்வருவது எப்படி?

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் நவம்பர் பிறந்ததும் வீட்டுக்குள் முடங்கிவிடுவதைப் பார்க்கிறேன். வேலை, கல்லூரி, கடை, ஹீட்டர் ஓடும் அறை. ஊர் சுற்றுவதையெல்லாம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஜனவரி சனிக்கிழமை, ஜன்னலில் நல்ல வெயில் விழுந்ததைப் பார்த்து, உடன் தங்கியிருந்த தோழியிடம் "எங்கயாவது கடல் பார்க்கப் போலாமாடி?" என்று கேட்டேன். அப்படித்தான் லண்டனிலிருந்து, தெற்குக் கரையில் இருக்கும் துறைமுக ஊரான போர்ட்ஸ்மவுத் கிளம்பினோம்.

கிளம்பியது நல்ல முடிவு, கிளம்பிய நேரம்தான் தவறு. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு ரயில் ஏறும்போது மணி 12 தாண்டிவிட்டது. இறங்கும்போது 2. கடற்கரைச் சுவரைத் தேடி நடப்பதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கு ஓடினால் கடைசி நுழைவும் முடிந்திருந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்கூட்டியே திட்டம் போடாமல் கிளம்பலாம். ஆனால் குளிர்காலத்தில் வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணாமல் கிளம்பக் கூடாது. அதன்பிறகு இதே ஊருக்குப் பல முறை போயிருக்கிறேன், அனைத்தும் குளிர்காலத்தில்தான். கோடையை விடக் கூட்டம் குறைவு, காற்று தெளிவு.

முதல் படி: முந்தின இரவு பத்து நிமிஷம்

மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று, சூரியன் மறையும் நேரம். டிசம்பர் நடுவில் தெற்குக் கரையில் காலை 8 மணி வாக்கில் விடிந்து, மாலை 4 மணிக்கெல்லாம் அஸ்தமனம் ஆகிவிடும். மொத்தப் பகலே எட்டு மணி நேரம்தான். பிப்ரவரி நடுவில் 5 மணிக்கு மேல் வரை வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டிசம்பரில் போகிறீர்கள் என்றால், 11 மணிக்குள் ஊரில் கால் வைத்தாக வேண்டும். அதற்கு 9 மணி ரயில்.

இரண்டாவது, காற்று. மழையை விட இதுதான் முக்கியம். கடல் மெதுவாகத்தான் குளிரும் என்பதால் கரையோரத்தில் உறைபனி உள்நாட்டை விடக் குறைவு. வெப்பநிலை எண்ணைப் பார்த்தால் பயமாகவே இருக்காது. ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தடுப்பே கிடையாது, உடம்புச் சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். மெட் ஆபீஸ் முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 40 மைலுக்கு மேல் வீச்சு என்று போட்டிருந்தால் நான் போகமாட்டேன். அலை சுவரைத் தாண்டி வந்து விழும். எச்சரிக்கை அறிவித்திருந்தால் நீங்களும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரயில் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா என்பது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் இது அடிக்கடி நடக்கும். ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், பகலில் பாதி அதிலேயே போய்விடும். நேஷனல் ரயில் இணையதளத்தில் தேதி போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். சனிக்கிழமை என்றால் பெரும்பாலும் நிம்மதி.

இரண்டாம் படி: டிக்கெட்

'அட்வான்ஸ்' டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் குறிப்பிட்ட ரயிலோடு உங்களைக் கட்டிப்போட்டுவிடும். திடீர்ப் பயணத்துக்கு 'ஆஃப்பீக் டே ரிட்டர்ன்' தான் தோது. அனுமதித்த நேரத்துக்குள் எந்த ரயிலிலும் ஏறலாம், திரும்பலாம். வார நாட்களில் காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகே செல்லும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மூன்று பேராகச் சேர்ந்து போனால் குழுச் சலுகை கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு குறையும். மாணவர்கள் 16–25 ரயில்கார்டு எடுத்தாலும் அதே அளவு குறையும். அதைச் செல்பேசியிலேயே உடனே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: உடுப்பும் பையும்

ஒரே தடியான ஸ்வெட்டரை விட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். காதை மூடும் தொப்பி கட்டாயம். குடை வேண்டாம். அங்கே குடை பிரிக்கிற முதல் நிமிஷமே கம்பி திரும்பிவிடும். தலையை மூடும் தொப்பி சேர்த்துத் தைத்த ஜாக்கெட் போதும்.

பையில் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக வையுங்கள், இது என் தனிப்பட்ட வற்புறுத்தல். ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் எலுமிச்சைச் சாதமோ புளிச்சாதமோ. ரயிலில் சாப்பிட்டுக்கொண்டே போனால் வீட்டில் சாப்பாட்டுக்காக உட்கார வேண்டாம், முதல் தடவை நாங்கள் இழந்த இரண்டு மணி நேரம் கைக்கு வந்துவிடும்.

நான்காம் படி: எங்கே இறங்குவது

லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயில். கில்ட்ஃபோர்டு, பீட்டர்ஸ்ஃபீல்டு வழியாகப் போகிற வேகமான ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நகரின் பெரும்பகுதி போர்ட்சீ என்கிற தீவின் மேல் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் ரயில் ஒரு சிறிய நீரோடையைத் தாண்டும், அதுதான் தீவின் எல்லை. கவனிக்காவிட்டால் தெரியாது.

'போர்ட்ஸ்மவுத் அண்டு சவுத்சீ' நிலையம் வந்ததும் பாதி ரயில் எழுந்து இறங்கும். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். அடுத்தது, அதாவது கடைசி நிலையமான 'போர்ட்ஸ்மவுத் ஹார்பர்' தான் நம் இடம். அந்த நிலையமே தண்ணீருக்கு மேல் தூண்கள் நட்டுக் கட்டியது. வெளியே வந்தால் இடப்பக்கம் கறுப்பாக, நீளமாக ஒரு பாய்மரக் கப்பல் நிற்கும். அது 1860இல் கடலில் இறக்கிய எச்.எம்.எஸ். வாரியர், இரும்பு உடல் கொண்டு கட்டிய பிரிட்டனின் முதல் கவசப் போர்க்கப்பல்.

ஐந்தாம் படி: வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். இடப்பக்கம் டாக்யார்டு, அதாவது கடற்படையின் பழைய கப்பல் கட்டும் துறையில் இருக்கும் அருங்காட்சியகங்கள், வலப்பக்கம் பழைய ஊரும் கடலும். என் விதி எளிது: மழை பெய்யவில்லை என்றால் கடலுக்குத்தான் முதல் உரிமை. கூரைக்குக் கீழே இருப்பவை மத்தியானமும் அங்கேயே இருக்கும், வெளிச்சம் இருக்காது. காலையில் மழை கொட்டினால் மட்டும் வரிசையை மாற்றுங்கள்.

வலப்பக்கம் திரும்பி கன்வார்ஃப் கீஸ் கடைத்தெருவுக்குள் நடங்கள். தரையில் சங்கிலி வடிவம் பதித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி கேட்கத் தேவையில்லை, இருபது நிமிஷத்துக்குள் வட்டக் கோபுரத்துக்கு வந்துவிடுவீர்கள். ஐந்தாம் ஹென்றி காலத்தில், 1418 வாக்கில், துறைமுக வாயிலைக் காப்பதற்காகக் கட்டத் தொடங்கிய கோபுரம் இது. எதிர்க்கரையான காஸ்போர்ட் வரை தண்ணீருக்குக் குறுக்கே பெரிய சங்கிலி ஒன்று போட்டு, ஆபத்துக் காலத்தில் இழுத்து இறுக்கி, பகைக் கப்பல் நுழையாமல் தடுத்திருக்கிறார்கள்.

மேலே ஏறி நில்லுங்கள், கட்டணம் கிடையாது. வாயில் அவ்வளவு குறுகல் என்பதால் வைட் தீவுக்குப் போகிற படகும் பிரான்சுக்குப் போகிற பெரிய கப்பலும் கை நீட்டினால் தொடலாம் போல நகரும். எதிரே சோலன்ட் நீரிணை, அதற்கப்பால் வைட் தீவு. கடல் நடுவில் வட்டமாகச் சில கோட்டைகள் தெரியும். பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்து 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை. கோடையில் அடிக்கடி வெக்கைப் புகையில் இவை மங்கிவிடும், குளிர்கால வெயிலில் கல் கல்லாகத் தெரியும்.

அங்கிருந்து மதில் மேலேயே நடந்து 1494இல் கட்டிய சதுரக் கோபுரத்துக்குப் போங்கள். 1787 மே மாதம் கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பல் கூட்டமும் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது.

கொஞ்சம் தள்ளிப் பாதிக் கூரை இல்லாத ஒரு தேவாலயம் இருக்கிறது, ராயல் கேரிசன் சர்ச். 1941 ஜனவரி குண்டுவீச்சில் கூரை போனது. நம் நாட்டவர் இதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். 1662 மே மாதம் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கும் போர்ச்சுகல் இளவரசி கேத்தரீனுக்கும் இந்த ஊரில்தான் கல்யாணம். சீதனமாக வந்தவற்றில் ஒன்று பம்பாய். சில வருஷங்களில், 1668இல், அரசர் அதை ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். குளிர்காலத்தில் உள்ளே திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தாலே நிறைவாக இருக்கும்.

திரும்பும் வழியில் புனித தாமஸ் பேராலயம். கை சில்லிட்டுப்போயிருக்கும், உள்ளே போய்ச் சற்று உட்காருங்கள். தரையில் ஒரு கல்லறை இருக்கிறது: மேரி ரோஸ் கப்பலில் இறந்த, பெயர் தெரியாத ஒரு மாலுமியுடையது. 1984இல் அடக்கம் செய்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் அந்தக் கப்பல் வேறு மாதிரி தெரியும்.

கரையில் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டால் சுவரை ஒட்டி, மூடிப் பிடித்துச் சாப்பிடுங்கள். கடற்காகங்கள் பின்பக்கமாக வந்து பறித்துக்கொண்டு போகும்.

ஆறாம் படி: மத்தியானம் ஒரு மணிக்குள் டாக்யார்டு

வாசலில் பையைச் சோதிப்பார்கள், பெரிய பை வேண்டாம். உள்ளே பார்க்க நிறைய இருக்கிறது, ஒரு அரை நாளில் எல்லாம் முடியாது. டிக்கெட் வகைகளையும் கடைசி நுழைவு நேரத்தையும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே செல்பேசியில் பார்த்துவிடுங்கள். டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், யோசிக்காமல் மேரி ரோஸ். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கப்பல்களோடு சண்டை நடக்கும்போது, மன்னர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, சோலன்டில் மூழ்கியது. திரும்பும்போது சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது என்பதே பரவலாகச் சொல்லும் காரணம். எதிரிகள் ஏறிவிடாமல் தளத்தின் மேல் கட்டியிருந்த வலை, உள்ளே இருந்தவர்களையே தப்பவிடாமல் செய்துவிட்டது. சுமார் 500 பேரில் பிழைத்தவர்கள் 35 பேர்கூட இல்லை.

கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் புதைந்தது. காற்றுப் புகாத சேற்றுக்குள் இருந்த பாதி பிழைத்தது, வெளியே நின்ற பாதியைக் கடல் தின்றுவிட்டது. அதனால்தான் இன்றைக்கு நெடுவாக்கில் வெட்டிவைத்த மாதிரி நிற்கிறது. 1982 அக்டோபரில் வெளியே எடுத்தார்கள். மரம் சுருங்கிப் பிளந்துவிடாமல் இருக்க 2013 வரை முதலில் தண்ணீரையும் பிறகு மெழுகுக் கரைசலையும் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் நிஜக் கப்பல். நடைபாதையின் மறுபக்கம், எந்தத் தளத்தில் எது கிடைத்ததோ அதே தளத்தில் அந்தப் பொருள்கள். மொத்தம் 19,000க்கு மேல் எடுத்திருக்கிறார்கள். மருத்துவரின் பெட்டி, வில்கள், தோல் செருப்புகள், ஒரு நாயின் எலும்புக்கூடு. அப்புறம் பேன் சீப்பு. நம் வீட்டில் பாட்டி வைத்திருந்ததே போல இருபக்கமும் பல் வைத்த மரச் சீப்பு, பல பேர் ஆளுக்கொன்று வைத்திருந்திருக்கிறார்கள். மிளகும் கிடைத்தது. கீழைக் கடல்களைத் தாண்டி வந்த மிளகு, ஓர் ஆங்கிலேய மாலுமியின் சாமான்களுக்குள். அதற்கு முன்னால் நான் நின்ற நேரம் அதிகம். வேகமாக நடந்து முடிக்காதீர்கள், இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

நேரம் மிஞ்சினால் எச்.எம்.எஸ். விக்டரி. 1765இல் கடலில் இறக்கி, 1805இல் டிராஃபல்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர் விட்ட கப்பல். இப்போது பல வருஷம் நீளும் பெரிய பழுதுபார்ப்பில் இருக்கிறது. முழுப் பாய்மரத்தோடு படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே போவதற்குத் தடையில்லை. கீழ்த்தளங்களில் உத்தரம் தாழ்வு, தலை பத்திரம்.

ஏழாம் படி: இருட்டிய பிறகு படகு

நாலரை, ஐந்து மணிக்கு வெளியே வரும்போது ஊர் முழுக்க இருட்டியிருக்கும். உடனே ரயிலுக்குப் போய்விடாதீர்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே காஸ்போர்ட் படகுத்துறை இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு நீங்களும் ஏறுங்கள். அக்கரை சேர நான்கைந்து நிமிஷம். முடிந்தால் வெளியே நில்லுங்கள். 170 மீட்டர் உயர ஸ்பின்னக்கர் கோபுரத்தின் விளக்கு தண்ணீரில் விழும், கடற்படைக் கப்பல்கள் கறுப்பு உருவங்களாக நிற்கும். கோடையில் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்க இரவு பத்தாகிவிடும்.

இந்தத் தண்ணீரில்தான் 'டிரிங்கோமலி' என்ற கப்பல் பல வருஷம் நின்றது. நம் திருகோணமலையின் பெயர் தாங்கியது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. இங்கே பயிற்சிக் கப்பலாக இருந்துவிட்டு 1987இல் வடக்கே ஹார்ட்டில்பூலுக்குப் போய்விட்டது, இன்றும் அங்கே மிதக்கிறது. என் அடுத்த குளிர்காலப் பயணம் அதைப் பார்க்கத்தான்.

அதே படகில் திரும்பி வந்தால் நிலையம் எதிரிலேயே. இது கடைசி நிலையம் என்பதால் ரயில் இங்கிருந்துதான் புறப்படும், சீக்கிரம் போனால் நல்ல இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் ஈரக் காலுறையை மாற்றிக்கொண்டு, ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.