படகு நிற்கும் அந்த ஒரு கணம்

என் முதல் கடல் பயணத்தில் எடுத்த முதல் முப்பது படங்களும் வெறும் வெள்ளைப் புகை. ராத்திரி முழுக்க ஏசி கேபினில் கிடந்த கேமராவை, "டால்பின்!" என்று யாரோ கத்தியதும் அள்ளிக்கொண்டு டெக்குக்கு ஓடினேன். வெளிக்காற்று பட்டதும் லென்ஸ் குப்பென்று வியர்த்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தேன், மறுபடி வியர்த்தது. கால் மணி நேரம் துடைத்துக்கொண்டே இருந்தேன். டால்பின்கள் ஆட்டம் முடித்துப் போய்விட்டன. சட்டையில் ஒட்டியிருந்த உப்பு கண்ணாடியில் போட்ட மெல்லிய கீறல் மட்டும் இன்றும் இருக்கிறது.

அதனால் ஷட்டர், அப்பெர்ச்சர் எல்லாம் பிறகு. முதலில் உங்கள் கேமரா எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். வெப்பமண்டலக் கடல் காற்றில் ஈரம் அவ்வளவு. குளிர்ந்த பொருள் எது கிடைத்தாலும் அதன்மேல் நீராக இறங்கிவிடும். முடிந்தால் கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். வழியில்லை என்றால் கேபினுக்குள்ளேயே ஒரு ஜிப் பையில் போட்டு, உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுக்க மூடி, அப்படியே நிழலான இடத்துக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் விடுங்கள். வியர்வை பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். கேமரா வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறந்தால் போதும்.

இனி ஆட்டம். படகில் கம்பியில் சாய்ந்தோ, பாய்மரத்தில் தோள் கொடுத்தோ நின்றால் கை ஆடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இன்ஜின் ஓடும்போது அந்த அதிர்வு முழுவதும் கம்பி வழியாக உங்கள் முழங்கைக்கும் அங்கிருந்து லென்ஸுக்கும் வந்துவிடும். எதிலும் சாயாமல், காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி நில்லுங்கள். இடுப்புக்குக் கீழே படகோடு ஆடட்டும், மேலே அசையக் கூடாது. படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். மீனவர்கள் அதை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம் என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வித்தை இதுதான்: ஊஞ்சலைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முனைக்குப் போய்த் திரும்புவதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்கும். படகும் அப்படித்தான். இந்தப் பக்கம் சாய்ந்து முடித்து அந்தப் பக்கம் திரும்பும் முன் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அலையின் உச்சியிலும் அதே. கேமராவைக் கண்ணில் வைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா நின்று எண்ணிப் பாருங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நிறுத்தம். உடம்புக்குத் தாளம் பிடிபட்டதும் அந்த நிறுத்தத்தில் மட்டும் ஷட்டரை அழுத்துங்கள். நடுவில், படகு வேகமாகப் புரளும்போது அழுத்தினால் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் கலங்கிவிடும்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: ஷட்டர் வேகம் 1/1000 நொடி, வெளிச்சம் குறைந்தால் 1/500. அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தயங்காதீர்கள். மணல்மணலான படத்தைக் கண் மன்னிக்கும், கலங்கிய படத்தை மன்னிக்காது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், பறக்கும் மீனின் வேகத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தொடுவானம் ஒரு டிகிரி சாய்ந்தாலே கடல் ஒரு பக்கமாகக் கொட்டுவது போல இருக்கும். படகு எப்படிச் சாய்ந்தாலும் படத்தில் கடல் நேராக இருக்கட்டும், படகுதான் சாய்ந்து தெரிய வேண்டும். கேமரா திரையில் வரும் மட்டக்கோட்டை நம்பி நான் பல படங்களைக் கெடுத்திருக்கிறேன். அது புவியீர்ப்பை வைத்து மட்டம் பார்ப்பது. படகு தூக்கிப் போடும்போது அந்த உந்தலையும் சேர்த்து அளந்து குழம்பிவிடும். கண்ணால் பாருங்கள், ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், பிறகு நேர் செய்துகொள்ளலாம்.

நடுப்பகலில் கேமராவை மூடி வை என்று எல்லா ஊர்ப் புத்தகங்களும் சொல்லும். முகங்களைப் பொறுத்தவரை சரி. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே உச்சி வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது கண்குழியில் கரி பூசியது போல் நிழல் விழும். ஆனால் பவளப்பாறைத் திட்டுகளின் பச்சையும் நீலமும் தெரிவது அப்போதுதான். காலையில் வெயில் தாழ்வாக இருக்கும்போது சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும், அடியில் இருப்பது சரியாகத் தெரியாது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் நீரின் மினுமினுப்பு திரை விலகினாற்போல் விலகும். நேர் கீழே பார்த்தால் அது வேலை செய்யாது. நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி சரிவில் பார்க்கும்போதுதான் முழுப் பலன். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும், அதாவது பாதிக்கும் மேல், அது விழுங்கிவிடும், ஷட்டரைக் கவனியுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். திரை கறுத்துப்போனதாக நினைத்து ஒரு மதியம் முழுக்கக் கேமராவைத் திட்டியவன் நான்.

மழைக்குப் பின் வானவில் கிடைக்குமா என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால், டெக்கில் நிற்பவருக்கு வானத்தில் வானவில் தெரியாது. ஆகவே நடுப்பகல் தூறலில் போய் மற்ற வேலையைப் பாருங்கள். காலையிலோ மாலையிலோ பெய்தால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தயாராக இருங்கள். மாலை வெளிச்சமும் இங்கே சீக்கிரம் போய்விடும். சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குவதால், மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. எல்லோரும் சூரியன் மறைந்ததும் கேமராவை மூடிவிடுகிறார்கள். மேகம் சிவப்பது அதற்குப் பிறகுதான்.

பெரிய அலைகள் படத்தில் ஏன் சப்பையாகத் தெரிகின்றன? நீங்கள் மேலே நின்று எடுத்திருப்பீர்கள். குந்தி உட்கார்ந்து, அலையின் முகடு தொடுவானத்தை வெட்டும் உயரத்தில் எடுங்கள். ஒரு கம்பி, கயிற்றைப் பிடித்த ஒரு கை, தூரத்தில் பாதி மறைந்த இன்னொரு படகு, இப்படி ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால்தான் அளவு புரியும். வெறும் கடலும் வானமும் அழகுதான், ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பது படமும் ஒரே படம்.

டால்பினைத் துரத்தாதீர்கள். அணியத்தில் உட்கார்ந்து, நீர் பிளந்து நுரைக்கும் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள், அவை அங்கேதான் வரும். மூச்சு விடும் "ப்ஃபூ" சத்தம் கேட்டதும் தொடர்ச்சியாக அழுத்துங்கள். கேமரா வார் கழுத்தில், ஒரு கை எப்போதும் படகில். டெக்கில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு: நீர் புகாது என்பதற்கான ஐபி68 குறியீடு நல்ல தண்ணீரில் சோதித்தது, உப்பு நீருக்கு உத்தரவாதம் இல்லை. வெயிலில் சுட்டுவிட்டால் தானாக அணைந்துவிடும், தொப்பிக்கு அடியில் வையுங்கள். கொசு மருந்து தடவிய கையோடு எதையும் தொடாதீர்கள், டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும்.

ராத்திரி வேலை ஐந்து நிமிடம். முதலில் பம்பால் ஊதி உப்புத் தூளை அப்புறப்படுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பு முழுக்க, பட்டன்களின் சந்துகளிலும் துடையுங்கள். அதன் பின் உலர்ந்த துணி. உலர்ந்த துணியோடு ஆரம்பித்தால் என் கீறல் உங்களுக்கும் வரும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் நூல்நூலாகப் படரும், அதை வெளியிலிருந்து துடைக்க முடியாது. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய தீயில் ஒரு வாணலியில் புரட்டிக்கொண்டே இருங்கள், மறுபடி ஆரஞ்சு வந்ததும் ஆறவிட்டு டப்பாவில் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள்.