கம்பெனி மூடியது யாரால்? சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் பழி பிரிக்கும்போது வரும் தவறுகள்

ஒரு கம்பெனியை இழுத்து மூடினால் மறுநாள் காலைக்குள் இரண்டு கதைகள் தயாராகிவிடும். "சங்கக்காரர்கள் கேட்டுக் கேட்டே கம்பெனியைத் தின்றுவிட்டார்கள்" என்பது ஒன்று. "முதலாளி சுருட்டிக்கொண்டு போய்விட்டான், தொழிலாளி நடுத்தெருவில் நிற்கிறான்" என்பது மற்றொன்று. கொஞ்ச நேரத்தில் நிதானமான ஒருவர் வந்து, "இரண்டு கை தட்டினால்தானே ஓசை? ரெண்டு பேர் மேலும்தான் தப்பு" என்று பஞ்சாயத்தை முடித்துவைப்பார்.

மூன்றில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அந்தக் கடைசித் தீர்ப்புதான். இருவருக்கும் பங்கு உண்டு என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் எந்த முடிவில் யாருக்குப் பங்கு, எந்த வருடத்தில், எவ்வளவு என்று சொல்லாமல் "ரெண்டு பேரும்" என்று நிறுத்திவிட்டால், அதிகம் தப்பு செய்தவர் பாதிச் சுமையோடு தப்பித்துக்கொள்வார். இந்தக் கணக்கைப் போடும்போது திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளைப் பார்க்கலாம்.

கடைசி வாரத்தை மட்டும் பார்ப்பது

அமெரிக்காவின் ஹோஸ்டஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ட்விங்கீஸ் கேக்கும் வொண்டர் பிரெட் ரொட்டியும் அதன் தயாரிப்புகள். 2012 நவம்பர் 9 அன்று அங்கே ரொட்டித் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நவம்பர் 16 அன்று கம்பெனியைக் கலைக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. சுமார் 18,500 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஒரு வாரச் செய்தியை மட்டும் படித்தவருக்கு ஸ்டிரைக்தான் கம்பெனியைக் கொன்றது என்று தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஏழே நாள் ஸ்டிரைக்கில் ஒரு கம்பெனி செத்துப்போகிறது என்றால் அது முன்பே படுத்த படுக்கையாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. 2004இல் முதல் திவால் மனு. அதிலிருந்து மீண்டு வர 2009 ஆயிற்று. அந்தச் சுற்றிலேயே தொழிலாளர்கள் சம்பளத்திலும் சலுகைகளிலும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். 2011 ஆகஸ்டில் பென்ஷன் நிதிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டுவதை நிர்வாகம் நிறுத்தியது. 2012 ஜனவரியில் மறுபடி திவால் மனு. இதற்கு நடுவே தலைமை அதிகாரியின் சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்த ஏற்பாடு நடந்தது என்று கடன் கொடுத்தவர்களே நீதிமன்றத்தில் புகார் சொன்னார்கள். இத்தனைக்கும் பிறகுதான் "இன்னும் 8 சதவீதம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். கடைசிச் சுற்றில் "முடியாது" என்றவரைப் பிடிவாதக்காரர் என்பதற்கு முன்னால், முந்தைய சுற்றுகளில் அவர் எத்தனை முறை "சரி" என்றார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சங்கங்கள் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. ரொட்டியும் கேக்கும் ஒரே கடைக்குப் போனாலும் வெவ்வேறு லாரியில்தான் போக வேண்டும், ஓட்டுகிறவர் சரக்கு ஏற்றக் கூடாது என்கிற மாதிரி விதிகள் ஒப்பந்தங்களில் இருந்தன. அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் முந்நூறுக்கும் மேல். போட்டிக் கம்பெனிகள் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்திலும் இந்த விதிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது சங்கங்களின் பங்கு. ஆனால் அதுவும் 2012இல் முளைத்ததல்ல, பல பத்தாண்டுப் பழசு. ஆக, இருவரில் யாருடைய தப்பைத் தேடினாலும் அந்த ஏழு நாளில் கிடைக்காது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. கேக் வியாபாரத்தை மட்டும் 41 கோடி டாலருக்கு வாங்கிய புதிய முதலாளிகள் 2013 ஜூலையில் ட்விங்கீஸைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 2023இல் அந்தக் கம்பெனி சுமார் 560 கோடி டாலருக்குக் கைமாறியது. "பார்த்தீர்களா, சங்கம் போனதும் பிழைத்தது" என்று ஒரு தரப்பு. "பார்த்தீர்களா, சரக்கு நல்ல சரக்குதான், நிர்வாகம்தான் சரியில்லை" என்று இன்னொரு தரப்பு. புதியவர்களுக்குப் பழைய கடன் இல்லை, பென்ஷன் பாக்கி இல்லை, லாபம் குறைந்த ரொட்டி வியாபாரம் இல்லை. கடை கடையாக லாரி அனுப்பும் முறையையும் விட்டுவிட்டு கிடங்குக்கு மொத்தமாக அனுப்பினார்கள். இதில் பாதியைப் பழைய சங்கங்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டா. மறுபாதியைப் பழைய நிர்வாகம் யோசிக்கவே இல்லை.

சங்கம் என்றால் ஒரே ஆள் என்று நினைப்பது

அதே ஹோஸ்டஸில் லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம், தன் நிபுணர்களை வைத்துக் கம்பெனிக் கணக்கைப் பார்த்துவிட்டு, நிலைமை மோசம்தான் என்று ஊதிய வெட்டுக்கு ஒப்புக்கொண்டது. ரொட்டித் தொழிலாளர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் வெளிப்படையாகவே சண்டை. நிர்வாகமும் அப்படித்தான்: தொழிற்சாலை மேலாளர், தலைமை அதிகாரி, இயக்குநர் குழு, பங்கு வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம் எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்தால் யார் எந்த முடிவை எடுத்தார் என்பது மறைந்துபோகும்.

70 டாலர் கணக்கு

2008 கடைசியில் அமெரிக்கக் கார் கம்பெனிகள் அரசிடம் கையேந்தியபோது, "தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர் கொடுத்தால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்?" என்ற பேச்சு எங்கும் பரவியது. உண்மையில் தொழிலாளி வாங்கிய அடிப்படைச் சம்பளம் மணிக்கு 28 டாலர் அளவில்தான் இருந்தது. மருத்துவக் காப்பீடு போன்ற சலுகைகளைச் சேர்த்தாலும் 70 வராது. ஏற்கெனவே ஓய்வுபெற்றுப் போன லட்சக்கணக்கானவர்களின் பென்ஷன், மருத்துவச் செலவையெல்லாம் கூட்டி, அன்று வேலையில் இருந்தவர்களின் வேலை நேரத்தால் வகுத்தால்தான் அந்த எண் வரும். ஆள் குறையக் குறைய, யாருக்கும் ஒரு பைசா கூட்டிக் கொடுக்காமலே இந்த எண் ஏறிக்கொண்டே போகும்.

செலவு நிஜம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது அன்று மெஷின் முன்னால் நின்றவரின் பேராசையால் வந்த செலவு இல்லை. முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் கொடுத்த வாக்கு அது. கொடுத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து

இந்தக் கேள்விக்குப் பதில் 1945இல் தொடங்குகிறது. அந்த வருடக் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸில் 113 நாள் நீடித்த வேலைநிறுத்தம் ஒன்று வெடித்தது. சங்கத்தின் சார்பில் பேசிய வால்டர் ராய்தர் 30 சதவீத ஊதிய உயர்வு கேட்டார். அதோடு, கார் விலையை ஏற்றக் கூடாது என்றார். "கட்டுப்படியாகாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்" என்றும் கேட்டார். நிர்வாகம் கொதித்துப்போனது. சம்பளம் பேசலாம், கம்பெனியை எப்படி நடத்துவது என்பது உங்கள் வேலை இல்லை என்பதே அதன் நிலை. கணக்குப் புத்தகம் திறக்கவில்லை.

1950இல் இருவரும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பத்திரிகைகள் அதை "டெட்ராய்ட் உடன்படிக்கை" என்று கொண்டாடின. ஒருவகையில் அது பேரம்: எந்தக் காரைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது, எங்கே தொழிற்சாலை போடுவது எல்லாம் நிர்வாகத்தின் கையில். பதிலுக்குத் தொழிலாளிக்கு உறுதியான ஊதிய உயர்வு, பென்ஷன், மருத்துவக் காப்பீடு. இத்தனைக்கும் ராய்தர் இவற்றை அரசே எல்லோருக்கும் தர வேண்டும் என்று விரும்பியவர். அது நடக்காததால்தான் கம்பெனியிடம் வாங்கினார்.

பங்குபிரிக்க உட்காருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பென்ஷன் ஒரு விசித்திரமான சரக்கு. இன்று கொடுப்பதாகச் சொல்லலாம், பணம் முப்பது வருடம் கழித்துத்தான் போகும். சம்பளத்தைக் கூட்டினால் இந்தக் காலாண்டு லாபம் குறையும். பென்ஷனைக் கூட்டினால் இன்றைய கணக்கில் பெரிதாகத் தெரியாது. அது தெரியவரும்போது கையெழுத்துப் போட்ட அதிகாரி போனஸ் வாங்கிக்கொண்டு ஓய்வில் இருப்பார். சங்கத் தலைவருக்கும் தேர்தல் உண்டு. "வாங்கிக் கொடுத்தேன்" என்று அடுத்த தேர்தலில் சொல்ல ஏதாவது வேண்டும். இருவரும் சேர்ந்து மேஜையில் இல்லாத மூன்றாவது ஆளிடமிருந்து, அதாவது எதிர்காலத் தொழிலாளியிடமிருந்து கடன் வாங்கினார்கள். பழி நிஜமாகவே இருவருக்கும் பொது என்று சொல்லத்தக்க இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் இதை யாரும் பேசுவதில்லை, சுவாரசியம் குறைவு.

இந்தக் கடன் எங்கே போய் முடியும் என்பதை ஸ்டூடிபேக்கர் காட்டியது. அந்தக் கார் கம்பெனி 1963 டிசம்பரில் சௌத் பெண்ட் நகரத் தொழிற்சாலையை மூடியபோது பென்ஷன் நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயதைத் தாண்டிய தகுதியானவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்த சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் அளவே கிடைத்தது. வயது குறைந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இந்த வேதனைதான் 1974இல் அமெரிக்காவில் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று.

1984இல் ஜெனரல் மோட்டார்ஸில் இன்னொரு கையெழுத்து. "வேலை வங்கி" என்று பெயர். மெஷின் வந்ததால் வேலை இழந்தவர்கள் வேலை செய்யாமலே ஏறக்குறைய முழுச் சம்பளம் வாங்கலாம். இருபது வருடம் கழித்து ஊரே இதைப் பார்த்துச் சிரித்தது, சிரிக்க வேண்டியதும்தான். ஆனால் விற்பனை ஏறிக்கொண்டே போகும், ஆட்கள் தேவைப்படுவார்கள் என்ற நம்பிக்கையில் அதில் கையெழுத்துப் போட்டது நிர்வாகம். "சங்கம் கட்டாயப்படுத்தியது" என்கிற நிர்வாகி, ஸ்டிரைக்கைச் சந்திப்பதைவிடக் கையெழுத்து மலிவு என்று தான் போட்ட கணக்கை மறைக்கிறார். "நிர்வாகம் தானே ஒப்புக்கொண்டது" என்கிற சங்கத் தலைவர், நஷ்டக் காலத்திலும் அதை விடாமல் 2009 வரை இழுத்ததை மறைக்கிறார். அந்த ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது.

பங்கே இல்லாத இடத்திலும் பங்கு பிரிப்பது

மோசமான காரை வடிவமைத்தது சங்கம் இல்லை. ஜப்பானியக் கார்கள் சந்தையைப் பிடித்தபோது அதைச் சில்லறைத் தொந்தரவு என்று நினைத்ததும் சங்கம் இல்லை. அந்த உரிமையை 1945இல் பூட்டி வைத்துக்கொண்டவர்களேதான் அதன் பலனுக்கும் பொறுப்பு. முடிவெடுக்கும் அதிகாரம் எனக்கு, தோல்வியின் பங்கு உனக்கு என்பது நியாயமில்லை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் தொழிற்சாலை இதற்குக் கிட்டத்தட்ட ஒரு சோதனைச்சாலை. வேலைக்கு வராமை, குடி, தரக்கேடு, ஓயாத தகராறு எல்லாம் சேர்ந்து 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை மூடியது. "இந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான் அப்போதைய பேச்சு. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக நூமி என்ற பெயரில் திறந்தார்கள். அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். நடத்தியது டொயோட்டா. 20 சதவீதத்துக்கு மேல் இருந்த வேலைக்கு வராமை சில சதவீதமாக இறங்கியது. தரத்தில் அமெரிக்காவின் முன்வரிசைத் தொழிற்சாலைகளில் ஒன்றாயிற்று.

இதை நிர்வாகத்தின் மேல் மட்டும் பழிபோட எடுத்துக்காட்டுகிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். சங்கமும் மாறியது. எண்பதுக்கு மேல் இருந்த வேலைப் பிரிவுகளை ஒருசிலவாகச் சுருக்க ஒப்புக்கொண்டது. ஆனால் சும்மா மாறவில்லை. ஆட்குறைப்பு கடைசி வழி என்று எழுத்தில் வாக்கு வாங்கியது. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது டொயோட்டா அந்த வாக்கைக் காப்பாற்றி, யாரையும் அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தது.

சங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் என்ரான் என்ற எரிசக்தி கம்பெனியும் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியும் விழுந்தன. பெரும்பான்மை ஊழியர்கள் சங்கத்தில் இருந்த சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1973 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட நஷ்டம் காணவில்லை. சங்கம் இருப்பதே காரணம் என்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கையை மறப்பது

பம்பாய் பஞ்சாலைகளில் 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைமை தத்தா சாமந்த். பொறியியல் கம்பெனிகளில் பெரிய ஊதிய உயர்வுகளை வாங்கிக் கொடுத்துப் பெயரெடுத்தவர். லாபம் கொழித்த அந்தக் கம்பெனிகளில் பலித்த வழி, விசைத்தறிப் போட்டியில் நொடிந்துகொண்டிருந்த பஞ்சாலைகளிலும் பலிக்கும் என்று நம்பியது அவர் தரப்புத் தவறு. திரும்பிவர வழி வைத்துக்கொள்ளாதது அதைவிடப் பெரிய தவறு. ஆலை முதலாளிகள் பல வருடமாகப் புது மெஷினுக்குப் பணம் போடவில்லை. அது அவர்கள் தரப்புத் தவறு.

இங்கே மூன்றாவதாக இரண்டு பேர் உண்டு. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி பேச்சுவார்த்தை உரிமை அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கத்துக்கு மட்டுமே. தொழிலாளிகள் யார் பின்னால் போனார்களோ அவரோடு பேச ஆலைக்காரர்களுக்கு அவசியமே இல்லாமல் செய்தது அந்தச் சட்டம். மாற்ற வேண்டிய அரசு அசையவில்லை. இன்னொருவர் நிலம். ஆலை ஓடினால் கிடைப்பதைவிட, நகரின் நடுவே அது நின்ற நிலத்தின் மதிப்பு அதிகமாகிக்கொண்டே போனது. அந்த நிலத்தை விற்க 1991இல் விதி தளர்ந்தது, ஆலையைச் சீரமைக்கப் பணம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். சீரமைந்த ஆலைகள் மிகக் குறைவு, எழும்பிய மால்களும் அடுக்குமாடிகளும் அதிகம். ஒரு கம்பெனி மூடினால் யாருக்கு லாபம் என்று கேட்காமல் போடும் பழிக்கணக்கில் இந்த வரி விடுபட்டுவிடும்.

அந்த வேலைநிறுத்தத்தை யாரும் முறைப்படி வாபஸ் வாங்கவில்லை.